நிலக்கரி கன்வேயரில் ஃபைபர் வெப்ப உணரி: ஆறு வருட அனுபவம்

எங்கள் அனல் மின் நிலையத்தின் நிலக்கரி கன்வேயர்களில் (கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டுகளில்) டி.டி.எஸ். என்று நாங்கள் சொல்லும் ஃபைபர் வெப்ப உணரியை, அதாவது நெடுகிலும் சூட்டை அளக்கும் கண்ணாடி இழையைப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் தயங்காமல் வாங்கச் சொல்வேன். கூடவே, ஃபைபரின் எத்தனையாவது மீட்டர் எந்த ரோலர் பக்கம் இருக்கிறது என்ற மீட்டர் கணக்கை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள் என்பேன்.

முன்பு எங்களிடம் இருந்தது எல்.ஹெச்.எஸ். என்ற, சூட்டை உணரும் இரட்டைக் கம்பி கேபிள். 68 டிகிரியில் உள்ளே இருக்கும் பூச்சு இளகி, இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டு அலாரம் அடிக்கும். பேனலில் சோன் எண், அதாவது கன்வேயரின் எந்தப் பகுதி என்பது மட்டும்தான் தெரியும். நடு ராத்திரியில் டார்ச்சோடு அந்த சோன் முழுக்க நடந்து தேட வேண்டும். இளகிய துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகவும் போட வேண்டும்.

ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு முனையில் இருந்து லேசர் துடிப்பு போகிறது. போகிற வழியெல்லாம் துளித்துளியாக ஒளி சிதறித் திரும்புகிறது. அதில் நிறம் மாறி வரும் பங்குதான் ராமன் சிதறல். கண்ணாடி சூடாக ஆக, ஆன்டி-ஸ்டோக்ஸ் என்ற பகுதி வலுக்கிறது. அதை ஸ்டோக்ஸ் பகுதியோடு ஒப்பிட்டு வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து இடம் தெரிகிறது. ஒரு மீட்டர் போய்த் திரும்ப சுமார் 10 நானோ நொடி. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்த விஷயம் இன்று எங்கள் கரித்தூசிக்கு நடுவே காவல் இருக்கிறது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதை நான் விடாமல் சொல்வேன்.

மீட்டர் கணக்கின் அருமை புரிந்த ராத்திரி இரண்டாவது வருடக் கோடையில் வந்தது. 1,412-வது மீட்டரில் சூடு ஏறுகிறது என்று அலாரம். பெல்ட்டை நிறுத்திவிட்டு மீட்டர் கணக்கு எழுதிய சார்ட்டைப் பார்த்து, அந்த ரோலரிடம் போய் நின்றோம். ஃபிட்டர் பேரிங் பக்கம் கை வைத்துவிட்டு, "சார், இது ஜில்லுன்னு இருக்கு" என்றார். தப்பு அலாரம் என்று திரும்பியிருப்போம். அவர்தான் மூக்கை உறிஞ்சி, "கரி வாடை வருது சார்" என்று வந்த வழியே பின்னால் நடந்தார். ஆறு மீட்டர் தள்ளி ஒரு ரோலர் இறுகிக் கிடந்தது. அதன் அடியில் குவிந்திருந்த தூசி ஓரத்தில் சிவந்து கனன்றுகொண்டிருந்தது.

காரணம் என்ன? சில மாதங்களுக்கு முன் எலி கடித்த இடத்தில் ஆறு மீட்டர் கூடுதல் ஃபைபர் வைத்து ஸ்ப்ளைஸ் செய்திருந்தார்கள், அதாவது முனைகளை ஒட்டி இணைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் இருக்கும் எல்லா இடத்துக்கும் மீட்டர் எண் ஆறு கூடிவிட்டது. சார்ட்டை யாரும் திருத்தவில்லை. கருவி சரியாகத்தான் சொன்னது. நாங்கள்தான் பழைய கணக்கில் படித்தோம்.

சில குறைகளையும் சொல்ல வேண்டும். திரும்பி வரும் ஒளி மிகவும் பலவீனம் என்பதால் ஆயிரக்கணக்கான துடிப்புகளின் சராசரி எடுக்கிறது. ஓர் அளவீட்டுக்குப் பல நொடிகள் ஆகும். இறுகிப்போன ரோலருக்கு அது தாராளம். ஆனால் ஓடும் பெல்ட்டின் மேல் எரிந்தபடி போகும் கரித்துண்டை இது பிடிக்காது. அதற்கு இன்ஃப்ராரெட் உணரி தனியாக வேண்டும். கேபிள் மேல் தூசி படிந்தால் சூடு உள்ளே ஏறத் தாமதமாகும்; துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மதிய வெயிலில், கன்வேயர் ஓடும் தகரக் கூரை கேலரி முழுக்கச் சூடாகும். அதனால் வெறும் டிகிரி வரம்பை நம்பாமல், பக்கத்து இடங்களைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு வேகமாகக் கூடியது என்பதற்கும் அலாரம் வையுங்கள். ஃபைபரின் இரு முனைகளையும் கருவிக்கே கொண்டுவந்து லூப்பாகப் போடுவது நல்லது. எலி கடித்த அன்று மறுபக்கத்தில் இருந்து அளந்ததால்தான் எங்களுக்குக் கண் மறையாமல் இருந்தது.

இப்போது ஒவ்வொரு ஸ்ப்ளைஸுக்குப் பிறகும், வருடா வருடம் கோடை தொடங்கும் முன்பும் கேலரியில் நடக்கிறோம். ஃபிளாஸ்கில் வெந்நீர், ஒரு பழைய துண்டு. ஒருவர் துண்டை நனைத்துக் கேபிளில் இரண்டு மீட்டருக்குச் சுற்றிப் பிடிப்பார். கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் திரையில் எகிறும் மீட்டரை வாக்கி டாக்கியில் சொல்வார். அந்த எண்ணை ரோலர் ஸ்டாண்டிலேயே மஞ்சள் பெயின்ட்டால் எழுதிவிடுகிறோம்.