ஆர்.ஏ.எஃப். சார்ஜென்ட் பைலட் யூனிஃபார்ம் செட்: விங்ஸ் சரி, மற்றதுதான் கோளாறு

இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் விமானப்படை சார்ஜென்ட் பைலட்டின் சீருடை என்று விற்கப்படும் நகல் செட் இது. கோட், பேன்ட், சட்டை, கறுப்பு டை, மடிப்புத் தொப்பி, பைலட்டின் இறகுச் சின்னமான விங்ஸ், கையில் தைக்கும் பதவிப் பட்டைகள், பதக்க ரிப்பன் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகிறது. நாடகம், குறும்படம், கண்காட்சி என்று வாங்குகிறவர்களே அதிகம். தைத்தவருக்குப் பைலட்டைத் தெரிந்திருக்கிறது, சார்ஜென்ட்டைத் தெரியவில்லை. அதிகாரியின் கோட்டை எடுத்து அதன்மேல் மூன்று பட்டையை வைத்துத் தைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

முதலில் துணி. அதிகாரிகள் தையல்காரரிடம் அளவு கொடுத்து, வழவழப்பான பாரத்தியா துணியில் தைத்துக்கொண்டார்கள். சார்ஜென்ட் போன்ற, அதிகாரி அல்லாதவர்களுக்கு ஸ்டோரில் கிடைத்தது முரட்டுக் கம்பளி செர்ஜ். அந்தக் காலத்தில் பறந்தவர்கள் பேசும்போது குண்டுவீச்சுக்கு அடுத்தபடியாக அடிபடுவது அந்தத் துணியின் அரிப்புதான். இந்த செட்டின் துணியோ கையில் வழுக்குகிறது, நிறத்திலும் நீலம் தூக்கல். விளக்கு வெளிச்சத்தில் மினுங்கினால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் பேன்ட்டின் உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும். இங்கே இரண்டும் வந்தது, அதாவது கலப்பு.

இருப்பதிலேயே நல்ல சரக்கு விங்ஸ். பழுப்பு மலர்வளையத்துக்குள் எழுத்துகள், மேலே கிரீடம், இரு பக்கமும் வெள்ளை இறகு. இறகின் நுனி இழைகள்கூடப் பிசிறில்லாமல் வந்திருக்கின்றன. பைலட் விங்ஸ் அதிகாரிக்கும் சார்ஜென்ட்டுக்கும் ஒரே வடிவம்தான் என்பதால் இதில் தப்பு செய்ய வழியும் குறைவு. இடது மார்புப் பைக்கு மேலே தைக்க வேண்டும். ரிப்பன் உண்டென்றால் அது விங்ஸுக்கும் பைக்கும் நடுவே வரும்.

விங்ஸில் இருப்பது டியூடர் கிரீடம், அதன் வளைவுகள் மேல்நோக்கி உருண்டு நிற்கும். ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்துக்கு அது சரி. ஆனால் அதே கோட்டின் பித்தளைப் பட்டன்களில் வளைவு நடுவில் உள்வாங்கிய கிரீடம் இருக்கிறது. 1952இல் எலிசபெத் அரசியான பிறகு வந்த வடிவம் அது. ஒரே மார்பில் இரண்டு ஆட்சி! 2022க்குப் பிறகு சார்லஸ் மன்னர் மறுபடி டியூடர் கிரீடத்துக்கே போய்விட்டதால், கிரீடத்தை மட்டும் பார்த்துப் பழைய பொருள் என்று நம்பி யாரிடமும் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள்.

பெரிய குறை, தோள் கழுகுகள் இல்லாதது. அதிகாரி அல்லாத வீரர்களின் இரண்டு கைகளிலும் தோளை ஒட்டி, கறுப்புப் பின்னணியில் வெளிர் நீலக் கழுகு இருக்கும். அதிகாரிக்கும், அவருக்குக் கீழே சார்ஜென்ட்டுக்கு மேலே இருக்கும் வாரன்ட் ஆஃபீசருக்கும் கிடையாது. தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காட்டும் அந்தச் சின்னத்தையே பெட்டியில் போட மறந்திருக்கிறார்கள். தனியாக வாங்கும்போது ஜோடியாக வாங்குங்கள். இரண்டு கழுகுகளும் முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும், இடம் வலம் மாறினால் முன்னால் பார்க்கும். காக்கி வெப்பமண்டல உடுப்புக்கான சிவப்புக் கழுகும் சந்தையில் கிடைக்கும், அது இந்தக் கோட்டுக்கு ஆகாது.

தொப்பியில் பித்தளை வளைய பேட்ஜ் சரியாக இருக்கிறது. ஆனால் முன்பக்கம் ஒரு வெள்ளைத் துணியையும் செருகி அனுப்புகிறார்கள். அது பயிற்சியில் இருக்கும் விமானக் குழுவினரின் அடையாளம். விங்ஸ் வாங்கிய சார்ஜென்ட்டுக்கு அது எதற்கு? உருவி எடுத்துவிடலாம், பத்து விநாடி வேலை.

ரிப்பன் விஷயம் அவ்வளவு லேசானதல்ல. கொடுத்திருப்பது டி.எஃப்.சி., அதாவது பறக்கும்போது காட்டிய வீரத்துக்காக அதிகாரிகளுக்கும் வாரன்ட் ஆஃபீசர்களுக்கும் கொடுத்த சிலுவை. சார்ஜென்ட்டுக்கு உரியது டி.எஃப்.எம். பதக்கம். 1940இல் 501ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் சார்ஜென்டாகப் பறந்த ஜேம்ஸ் லேசி இரண்டு முறை பெற்றது அதைத்தான். இரண்டு ரிப்பன்களிலும் ஊதாவும் வெள்ளையும் சாய்கோடுகளாக ஓடும். டி.எஃப்.சி.யில் கோட்டின் அகலம் 1/8 அங்குலம், டி.எஃப்.எம்.மில் 1/16. கோடு நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். ஆனால் ரிப்பனே இல்லாமல் விடுவதுதான் உத்தமம், பெரும்பாலான சார்ஜென்ட் பைலட்டுகளின் மார்பில் விங்ஸ் மட்டும்தான் இருந்தது.

பட்டைகள் கூர்முனை கீழே பார்க்க, இரண்டு கையிலும் முழங்கைக்கு மேலே வர வேண்டும். விற்பவர் மெஷினில் உள்துணியோடு சேர்த்துத் தைத்திருப்பதால் கையை மடக்கினால் துணி இழுக்கிறது. தையலைப் பிரித்து, மணிக்கட்டுப் பக்கம் லைனிங்கைத் திறந்து, மேல்துணியில் மட்டும் கைத்தையல் போடுங்கள். அதற்கு முன் பட்டையை ஈரத்துணி வைத்து நீராவியில் ஒருமுறை சுருங்க விடுவது அவசியம். இல்லையென்றால் பிறகு அது சுருங்கி, அதைச் சுற்றிக் கோட்டுத் துணி கொப்புளித்துவிடும்.

பட்டன் மாற்றும்போது புதுப் பித்தளையின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கிறதா பாருங்கள். அதை அசிட்டோனால் துடைத்து எடுக்காமல் பாலிஷ் போட்டால் திட்டுத்திட்டாகும். துணியில் பாலிஷ் பட்டால் காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்து லேசில் போகாது. அதனால்தான் அந்தக் கால வீரர்கள் ஒவ்வொருவர் பையிலும், நடுவே பிளவு விட்ட ஒரு தகடு இருந்தது. பட்டனை அதற்குள் நுழைத்துவிட்டுத் தேய்ப்பார்கள். நமக்கு ஓரத்தில் பிளவு வெட்டிய அட்டை போதும்.

சட்டையில் காலர் நிரந்தரமாகத் தைக்கப்பட்டிருக்கிறது. அசலில் காலர் தனி, ஸ்டட் என்ற சின்னக் குமிழ் வைத்து மாட்டுவார்கள். எதிரி விமானத்தைத் தேடித் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்துத் தோல் உரிந்ததும், ஃபைட்டர் பைலட்டுகள் பட்டுத்துணி சுற்றிக்கொண்டதும் இந்த விறைப்பான காலரால்தான். டை கட்டிவிட்டால் வித்தியாசம் தெரியாது, விட்டுவிடலாம்.

‘1939 முதல் 1950 வரை பொருந்தும்’ என்ற விளம்பர வரியை மட்டும் நம்பாதீர்கள். 1946இல் விமானக் குழுவினருக்குப் பட்டைகளை எடுத்துவிட்டு, வளையத்துக்குள் நட்சத்திரம் வைத்த புதிய பதவி முறையைக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் பிடிக்காமல் 1950இல் கைவிட்டார்கள். அந்த இடைப்பட்ட காலக் காட்சிக்கு இந்த செட் தப்பு. ஆஸ்திரேலிய சார்ஜென்ட் வேண்டுமென்றாலும் ஆகாது, அவர்கள் சீருடை கருநீலம்.

இதே விற்பனையாளரிடம் இடுப்பளவு குட்டை மேலங்கியும் உண்டு, போரின் நடுப்பகுதியிலிருந்து குண்டுவீச்சு விமானக் குழுவினர் அணிந்த மாதிரி. அதன் பட்டன்கள் துணிக்குள் மறைந்திருப்பதால் கிரீடக் குழப்பமே வராது. கழுகு ஒரு ஜோடி, காலர் கொக்கியில் ஒரு விசில் சேர்த்தால் ஒப்பேறிவிடும். கோட்டைத் திருத்த ஆகும் நேரத்தையும் காசையும் கணக்குப் போட்டால் நம் ஓட்டு இதற்குத்தான்.