உப்புக்காற்றில் தொடுதிரை, கையில் காகித அட்டை

தொண்டிக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரு கடற்கரை ஊரில் அறிவியல் பாடம் நடத்துகிறேன். எங்கள் பள்ளிக்குத் தொடுதிரைப் பலகை வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை. கடலோரத்தில் அந்தக் கருவி எப்படி உழைக்கிறது என்று எழுதுகிறவர் குறைவு.

பலகையின் சட்டத்துக்குள் அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் எந்த இடத்தில் அவற்றை மறைக்கிறதோ அதைத்தான் தொடுகை என்று பலகை எடுத்துக்கொள்கிறது. மணலும் உப்பும் சட்டத்தில் படிந்தால் யாரும் தொடாமலே கோடு கிழிக்கும். உலர்ந்த துணியால் அடிக்கடி துடைத்தால் தொல்லை பெரிதும் குறைகிறது. கோடை விடுமுறைதான் பெரிய எதிரி. உப்பு ஈரத்தை இழுக்கும். ஓடாமல் கிடக்கும் கருவியில் அந்த ஈரம் தங்கிவிடும். ஒரு ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கேபிள் செருகும் முனைகளில் பச்சை பூத்திருந்தது. விற்ற நிறுவனத்திலிருந்து ஆள் வரவே பல வாரங்கள் ஆயின. வந்தவரும் துரு உத்தரவாதத்தில் சேராது என்று சொல்லிவிட்டுப் போனார். கடற்கரைப் பள்ளிக்கு விற்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்! இப்போதெல்லாம் மே மாதத்திலும் யாராவது ஒருவர் வந்து பலகையைச் சற்று நேரம் ஓடவிடுகிறோம்.

மென்பொருளில் குறையில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் கணினிச் செயல்விளக்கங்கள் இலவசம். பல தமிழிலும் உள்ளன. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். கணக்கு ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ராவும் அப்படித்தான்.

எனக்கு உறுத்தியது வேறு. ஒரு மாணவர் பலகையைத் தொடும்போது மற்ற அனைவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். தொட வருகிறவரும் பெரும்பாலும் அதே முதல் பெஞ்சுக்காரர்தான். இதை ஊடாட்டக் கற்றல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதைத் தீர்த்தது பிளிக்கர்ஸ் அட்டை. ஒவ்வொரு மாணவருக்கும் தனி வடிவம் அச்சிட்ட ஒரு காகித அட்டை. அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுவே விடை. ஆசிரியரின் கைபேசி ஒன்று போதும். கேமராவை வகுப்பின் மீது ஓட்டினால் எல்லா விடைகளும் பதிவாகிவிடும். வடிவங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிப்பது எளிதல்ல. பலகையில் மொத்த எண்ணிக்கையை மட்டுமே காட்டுகிறேன், பெயர்களைக் காட்டுவதில்லை. வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகள் இதில் துணிந்து விடை சொல்கிறார்கள்.

மிதத்தல் பாடத்தில் ஒரு கேள்வி வைத்தேன்: கடலில் மிதக்கும் வல்லத்தை (மீன்பிடிப் படகை) அதே சுமையோடு நன்னீர்க் கண்மாயில் விட்டால் என்ன ஆகும்? வகுப்பு நான்காகச் சிதறியது. விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னேன். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மாஜூர் 1990களில் பரப்பிய முறை இது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “டீச்சர், கடலில் சும்மா கிடந்தாலே மிதக்கலாம், ஊருணியில் கை கால் அடிக்க வேண்டும். அப்படியென்றால் வல்லமும் கொஞ்சம் இறங்கத்தானே செய்யும்?” என்றான். மறு வாக்கெடுப்பில் பெரும்பாலான அட்டைகள் அவன் பக்கம் திரும்பின. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ, நன்னீர் 1 கிலோ என்ற கணக்கை அதன் பிறகே எழுதினேன். ஃபெட்டில் திரவத்தை மாற்றிக் காட்டியபோது பலகையும் தன் விலைக்கு உழைத்தது.

அட்டையிலும் குறை உண்டு. பளபளப்பாக லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா திணறுகிறது. தடித்த தாளில் அச்சிட்டு, கிழிந்தால் மாற்றிக்கொள்வதே நல்லது. கேள்வி தயாரிக்க நேரம் பிடிக்கும். சிந்திக்க வைக்கும் தவறான விடைகளை எழுதுவதற்குள் ஒரு மாலைப் பொழுது போய்விடுகிறது.

கடலோரப் பள்ளிகளில் இருப்பவர்கள் முதலில் அட்டையைச் சோதித்துப் பாருங்கள். அதன் பிறகும் பலகை வேண்டுமென்றால், துருவுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.