மீன் கம்பெனிக்கு டேலி போதுமா, தனியாக எழுதி வாங்க வேண்டுமா?

ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எங்களிடம் ரெடிமேடாகக் கிடைக்கும் கணக்கு சாப்ட்வேரான டேலியும் ஓடுகிறது, படகுக் கணக்குக்கென்றே எழுதி வாங்கிய சாப்ட்வேரும் ஓடுகிறது. இரண்டோடும் பல வருஷம் புழங்கிவிட்டுச் சொல்கிறேன், படகுக் கணக்கை ரெடிமேடுக்குள் திணிக்காதீர்கள்.

ஒரு விசைப்படகு கரைக்கு வந்தால் இறாலுக்குக் கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால்) வாரியாக விலை, கணவாய்க்கு ஒரு விலை, நண்டு தனி, சங்காயம் (கழிவு மீன்) தனி. அதில் டீசலும் ஐஸும் கழிய வேண்டும், கம்பெனி படகுக்குக் கொடுத்து வைத்த முன்பணத்தில் இன்றைக்கு எவ்வளவு பிடிப்பது என்பதைப் படகு ஓனர் அங்கேயே நின்று பேசி முடிப்பார். டேலியில் இது கொள்முதல், ஜர்னல் என்று வவுச்சர் வவுச்சராக, தனித்தனிப் பதிவாகப் பிரிந்து போகும். எங்கள் சாப்ட்வேரில் எல்லாம் ஒரே திரை. படகு எண்ணை அடித்தால் பழைய பாக்கி மேலே வந்து நிற்கும், எடையை ஏற்றி முடித்ததும் தமிழில் சீட்டு வரும், ஓனர் வரி வரியாகப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆனால் வலைக்கும் எஞ்சின் வேலைக்கும் முன்பணம் ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது நாள் கணக்கில் பாக்கிப் பட்டியல் எடுத்தால் நாணயமான படகெல்லாம் வராக்கடன் மாதிரி தெரியும். இந்தத் தொழிலில் முன்பணத்துக்குத் தவணைத் தேதி கிடையாது, பாடு (மீன் வரத்து) இருந்தால் கழியும், அவ்வளவுதான்.

வரி விஷயத்துக்கு டேலிதான். 2022 ஜூலையில் கருவாட்டுக்கான ஜிஎஸ்டி விதி மாறி, பிராண்ட் இருக்கிறதா என்று பார்த்தது போய், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டியிருந்தாலே 5 சதவீதம் என்றானது. 2023 ஆகஸ்டில் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் பில்) கட்டாயமாகும் ஆண்டு விற்பனை வரம்பு 5 கோடிக்கு இறங்கியது. இப்படி ஒவ்வொன்றுக்கும் தனி ஆளைப் பிடித்துப் புரோகிராமை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சொந்த சாப்ட்வேரில் வரியே வைக்கவில்லை, சாயங்காலம் அன்றைய கணக்கை எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்து டேலியில் ஏற்றிவிடுகிறோம்.

சாப்ட்வேரை எழுதிக் கொடுத்த தம்பி நடுவில் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். சோர்ஸ் கோடும் (அவர் எழுதிய மூலப் புரோகிராம்) டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் எங்கள் கையில் இருந்ததால்தான் ராமநாதபுரத்தில் வேறொருவர் எடுத்துத் தொடர முடிந்தது. இந்த இரண்டையும் எழுத்தில் வாங்காமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நாட்டுப்படகு நண்டுக்குத் தனித் திரை கேட்டிருக்கிறோம், வருகிற தடைக்காலத்தில் அந்த வேலை நடக்கும்.