சாஃப்ட்வேர் அப்கிரேட் என்று 1,41,600 ரூபாய் போய்விட்டது: மண்ணடி, பாரிமுனை வியாபாரிகளே, உஷார்

வயிறு எரிகிறது, அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்ணடியில் எங்களுக்கு வால்வு, ஃபிளாஞ்ச் (பைப்களை இணைக்கும் இரும்பு வளையம்), பைப் ஃபிட்டிங் மொத்த வியாபாரம், அப்பா காலத்துக் கடை. சரக்கு பெரும்பாலும் மணலி, எண்ணூர் பக்கம் ஆலைகளில் வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்குப் போகும். பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் கடையிலேயே ஒரு சர்வர் வைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் கம்யூனிட்டி பதிப்பில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டியது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் எல்லோரும் இ-இன்வாய்ஸ் போட வேண்டும், தெரியும்தானே, இன்னொரு வியாபாரிக்குப் போடும் ஒவ்வொரு பில்லும் அரசு போர்ட்டலுக்குப் போய் ஐ.ஆர்.என். என்ற பதிவு எண்ணும் க்யூஆர் கோடும் வாங்கி வர வேண்டும். எங்களிடம் இருந்த பழைய வெர்ஷனில் அது கிடையாது. லைசென்ஸ் வாங்கி என்டர்பிரைஸ் பதிப்புக்கு மாறினால் அதிலேயே இருக்கிறது என்றார்கள். சரி, மாறிவிடலாம் என்று ஆள் தேடும்போதுதான் வியாபாரிகள் குரூப் ஒன்றில் எங்களை ஏமாற்றிய இவன் நம்பர் கிடைத்தது. "அங்கீகரிக்கப்பட்ட பார்ட்னர்" என்று விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்து வைத்திருந்தான்.

நான் எதை வைத்து நம்பினேன் என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த கடையிலும் இதையேதான் செய்வான். வந்தவன் லேப்டாப்பைத் திறக்கவில்லை. கல்லா பக்கத்தில் கிடந்த ஒரு ஃபிளாஞ்சை எடுத்துத் திருப்பி, ஓரத்தில் பஞ்ச் அடித்திருந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த ஹீட் நம்பரை ஸ்டாக்கோட சேத்துதானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்கு: எந்த உருக்கில் வார்த்த இரும்பு என்பதைக் காட்டுவது அந்த எண். மில் கொடுக்கும் டெஸ்ட் சர்டிபிகேட்டிலும் அதே எண் இருக்கும். ஆலை கேட்டில் இன்ஸ்பெக்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், ஒத்துப்போகவில்லை என்றால் லோடு அப்படியே திரும்பி வரும். இதற்காகவே நாங்கள் மென்பொருளோடு சேர்த்து ஓடும் ஒரு மாட்யூல், அதாவது துணை நிரல், தனியாக எழுதி வைத்திருந்தோம். இதுவரை வந்த ஒரு சாஃப்ட்வேர்காரனும் கேட்காத கேள்வியை இவன் கேட்டதும், தொழில் தெரிந்த ஆள் என்று எனக்கும் தம்பிக்கும் மனசு விழுந்துவிட்டது. "ஒரு புள்ளி மாறாம வரும்ணே. ஞாயித்துக்கிழமை நைட்டு மாத்திட்டா திங்கக்கிழமை காலைல புதுசுல பில் போடலாம்."

எட்டு யூசருக்கு ஒரு வருஷ லைசென்ஸ், மாற்றிக்கொடுக்கும் வேலை, எல்லாம் சேர்த்து 1,20,000. பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 21,600. மொத்தம் 1,41,600. லைசென்ஸ் கம்பெனிக்கு முழுசாக முன்பணம் கட்டினால்தான் கீ, அதாவது லைசென்ஸ் எண், வரும் என்றான். வங்கியிலிருந்து நேராக அனுப்பினோம்.

திங்கட்கிழமை காலை ஸ்கிரீன் என்னவோ பளபள என்றுதான் இருந்தது. பில் போடப் போனால் ஹீட் நம்பர் கட்டத்தையே காணவில்லை. பழைய வெர்ஷனுக்கு எழுதிய மாட்யூல் புது வெர்ஷனில் அப்படியே ஓடாது, திரும்ப எழுத வேண்டும், இது அந்தத் தொழிலில் இருக்கும் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமாம். இவன் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கொடுமை, ஸ்கேன் செய்து ஏற்றி வைத்திருந்த டெஸ்ட் சர்டிபிகேட்கள். பெயர் எல்லாம் வரிசையாகத் தெரிகிறது, தட்டினால் ஃபைல் இல்லை. பெரம்பூரில் ஒரு தெரிந்த பையனைக் கூட்டிவந்து பார்த்தோம். டேட்டாபேஸை மட்டும் நகல் எடுத்திருக்கிறான். இந்த மென்பொருளில் இணைப்பு ஃபைல்கள் டேட்டாபேஸுக்குள் இருக்காது, தனி ஃபோல்டரில் கிடக்கும், அதைக் காப்பி எடுக்காமலே சர்வரை ஃபார்மட் அடித்துவிட்டு புது ஓஎஸ் ஏற்றியிருக்கிறான். பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அந்த ஹார்ட் டிஸ்க்கையும் "டெம்பரரியா இடம் வேணும்ணே" என்று அன்று ராத்திரியே துடைத்ததும் இவன்தான்.

போன் போட்டால் "மைக்ரேஷன் டீம் பாத்துட்டு இருக்காங்க" என்றான். அப்புறம் "டிக்கெட் போடுங்க". டிக்கெட் போட்டால் "உங்க டிக்கெட் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு மெயில், மறுநாளே "தீர்க்கப்பட்டது" என்று இன்னொரு மெயில். எவன் தீர்த்தான், எதைத் தீர்த்தான்? வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. தம்பி பொறுக்கமாட்டாமல் பில்லில் இருந்த பெருங்குடி விலாசத்துக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மேசை வாடகைக்கு விடும் ஆபீஸ் அது, அவர்கள் காலி செய்து போய்விட்டார்கள் என்று ரிசப்ஷனில் இருந்த பெண் சொல்லியிருக்கிறார்.

இதற்கு நடுவில் ஸ்கிரீன் மேலே சிவப்பாக ஒரு பட்டை வர ஆரம்பித்தது, இந்த சந்தா வேறொரு டேட்டாபேஸுக்குப் பதிவானது என்று. மென்பொருள் கம்பெனிக்கே மெயில் போட்டோம். இவன் போட்டுக்கொடுத்த கீ வேறு ஊரில் வேறு ஒரு நிறுவனத்தின் பெயரில், எட்டு யூசர்கூட இல்லாத சின்ன லைசென்ஸாம். இவன் எங்கள் பார்ட்னரே இல்லை என்று பதில் வந்தது. ஒரே கீயை இன்னும் எத்தனை கடைக்கு விற்றானோ! 1,41,600 ரூபாய்க்கு எங்களுக்கு வந்தது அடுத்தவன் கீ.

இதோடு விட்டதா? ஆடிட்டர் கூப்பிட்டு, அந்த பில் ஜிஎஸ்டி போர்ட்டலில் எங்கள் கணக்கில் வரும் 2பி பட்டியலில் ஏறவே இல்லை, கட்டிய வரியை இன்புட்டாகக் கழித்துக்கொள்ள முடியாது என்றார். அவன் ஜிஎஸ்டி எண்ணை போர்ட்டலில் தட்டிப் பார்த்தால், அது ஏற்கெனவே ரத்தான எண். ரத்தான எண்ணை பில்லில் போட்டு என்னிடம் 21,600 வரி வாங்கியிருக்கிறான், என்ன துணிச்சல் பாருங்கள். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், வியாபாரத்துக்காக வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் இல்லை, சுயதொழிலில் பிழைப்பவருக்கு மட்டும்தான் விலக்கு, உங்கள் டர்ன்ஓவருக்கு அது நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை, லோடு வேறு நிற்கிறது. பார்ட்னர் என்று எவன் சொன்னாலும் மென்பொருள் கம்பெனியின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். லைசென்ஸ் பணத்தை முடிந்தவரை கம்பெனிக்கே நேராகக் கட்டுங்கள், கீ உங்கள் நிறுவனத்தின் பெயரில் வர வேண்டும். ஜிஎஸ்டி எண்ணை போர்ட்டலில் போட்டுப் பாருங்கள், லாகின்கூட வேண்டாம், ஒரு நிமிஷம். பழைய சர்வரில் எவனையும் கைவைக்க விடாதீர்கள், புதுசை வேறு மெஷினில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், இணைப்பு ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

அவன் இப்போது வேறு கம்பெனி பெயரில் சுற்றுகிறான் என்று தம்பு செட்டி தெருவில் ஒருத்தர் சொன்னார். ஃபிளாஞ்சைத் தடவிக்கொண்டு யாராவது உங்கள் கடையில் உட்கார்ந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், போட்டோ அனுப்புகிறேன்.