15-0-15ஆ, 18-0-18ஆ: உப்புக்காற்று வீசும் ஊரில் கிராஸ்ஓவருக்குச் சப்ளை கட்டுதல்

ஆக்டிவ் கிராஸ்ஓவர் (ஆம்பிளிஃபயருக்கு முன்னாலேயே ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரித்து அனுப்பும் சர்க்யூட்) ஒன்றைக் கையால் கட்ட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்த ஐசி நன்றாகப் பாடும் என்பதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாகர்கோவிலில் டிரான்ஸ்பார்மர் சுற்றித் தரும் பெரியவர் ஒருவரிடம் போய் நின்றபோது, அவர் ஐசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ராத்திரி ஏழு மணிக்கு உன் வீட்டு பிளக்குல எவ்வளவு வருதுண்ணு பாத்தியா மக்கா?” என்றார். பார்த்திருக்கவில்லை. திரும்பி வந்து ஒரு வாரம் மீட்டரை வைத்துக் குறித்தேன். மாலையில் மிகக் குறைந்தது 184 வோல்ட். விடியற்காலை மூன்று மணிக்கு மிகக் கூடியது 248 வோல்ட். கீழே வரும் கணக்குகள் அனைத்தும் 180 முதல் 250 வரை என்ற இந்த இடைவெளியை வைத்தே போடப்பட்டவை. ஏட்டில் எழுதியிருக்கும் 230 வோல்ட்டை நம்பிக் கட்டினால் என்ன ஆகும் என்பதும் அந்தக் கணக்குகளிலேயே தெரிந்துவிடும்.

கட்டியது இரண்டு செட்டுகள். ஒன்று வடசேரியில் என் வீட்டுக்கு. மற்றொன்று முட்டத்தில், கடலுக்கு மிக அருகில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்கு. இரண்டிலும் தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபரும் உயர்ந்த ஒலிக்கு டோம் டுவீட்டரும். இரண்டும் பிரியும் இடம் ஏறத்தாழ 2.4 கிலோஹெர்ட்ஸ். ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் காயிலும் பெரிய கண்டன்சரும் வைத்துப் பிரிக்கும் பாசிவ் முறைக்குச் சப்ளையே வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் (ஏசிக்கு அது காட்டும் தடை) மாறும்போதெல்லாம் அதன் பிரிப்பும் நகர்ந்துவிடும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

சப்ளைக்கு வருகிறேன். கடையில் கேட்டவுடன் கிடைக்கும் டிரான்ஸ்பார்மர்கள் 12-0-12, 15-0-15, 18-0-18 ஆகிய மூன்று; நடு ஒயரிலிருந்து இரு பக்கமும் அத்தனை வோல்ட் ஏசி என்று பொருள். வரும் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் வெளியீட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர்களில் 7812, 7912 ஜோடியும் 7815, 7915 ஜோடியும் கிடைக்கும்; 78 பிளஸுக்கு, 79 மைனஸுக்கு, கடைசி இரண்டு இலக்கம் வோல்ட். படிக்கும் சர்க்யூட்டுகள் பெரும்பாலும் பிளஸ் மைனஸ் 15 வோல்ட் கேட்பதால், 15-0-15 டிரான்ஸ்பார்மரையும் 7815ஐயும் சேர்த்து வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. 230 வோல்ட் வரும்போது அது சரியாகவே வேலை செய்யும்: 15ஐ 1.414ஆல் பெருக்கி (ஏசியின் உச்சம் அது) டையோடுக்கு 0.8 கழித்தால் 20 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சுவரில் 180 வோல்ட் வரும்போது இந்த 15 வோல்ட் 11.7 ஆகக் குறைகிறது. டையோடுக்குப் பின் வோல்டேஜைச் சமன்செய்யும் பில்டர் கண்டன்சரில் நிற்பது 15.8 வோல்ட்தான். 7815க்குத் தன் வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும், அதாவது 17. அது கிடைக்காதபோது ரெகுலேட்டர் ரெகுலேட் செய்வதை நிறுத்திவிடும். 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (டிசியில் எஞ்சியிருக்கும் ஏற்ற இறக்கம்) அப்படியே வெளியே போகும். மாலை ஏழு மணிக்கு மட்டும் உறுமும் செட்டுகள் பல இந்தக் காரணத்தால் உறுமுபவையே.

அப்படியானால் 18-0-18 வாங்கி 7815 போடலாம் என்று தோன்றும். கீழ்ப்பக்கம் அது தாங்கும். 180 வோல்ட்டிலும் 19 வோல்ட் நிற்கும். மேல்பக்கம்தான் கவனிக்க வேண்டியது. சிறிய டிரான்ஸ்பார்மர்கள் முழு லோடில் மட்டுமே எழுதிய வோல்டேஜைத் தருபவை. நம் கிராஸ்ஓவர் எடுக்கும் சொற்ப கரண்ட்டில் அது 20 சதவீதம் வரை ஏறி நிற்கக்கூடும். சுவரில் 250 வோல்ட் வரும் நேரத்தில் கணக்குப் போட்டால் ரெகுலேட்டருக்கு உள்ளே 32 வோல்ட்டுக்கு மேல் போகிறது. 7815இன் எல்லை 35 வோல்ட். எல்லைக்கு இவ்வளவு நெருக்கமாக ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் ஓடவிட எனக்கு மனமில்லை.

15-0-15 டிரான்ஸ்பார்மருடன் 7812, 7912 போட்டால் இரண்டு முனையும் அடங்கிவிடுகின்றன. 180 வோல்ட்டில் 15.8 நிற்கிறது, தேவை 14 மட்டுமே. 250 வோல்ட்டில் 27, 28 வோல்ட் வரை ஏறினாலும் எல்லை தொலைவிலேயே இருக்கிறது. (12-0-12 டிரான்ஸ்பார்மர் 7812க்குப் போதாது; 180 வோல்ட்டில் அது 12.5க்கு இறங்கிவிடும்.) பிளஸ் மைனஸ் 15ஐ விட்டு 12க்கு வந்ததால் இழப்பு உண்டா என்றால், சொல்லத்தக்க இழப்பு இல்லை. பிளஸ் மைனஸ் 12இல் ஐசி ஏறத்தாழ 7 வோல்ட் ஆர்எம்எஸ் (ஏசியை மீட்டரில் படிக்கும் அளவு) வரை ஒலி திரியாமல் தரும். பெரும்பாலான ஆம்பிளிஃபயர்கள் ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே முழு ஒலியை எட்டிவிடும்.

பில்டர் கண்டன்சரை வாங்கும்போது இந்த 28 வோல்ட்டை மறக்கக் கூடாது. முதல் செட்டில் நான் 20 வோல்ட் என்று கணக்கிட்டு 25 வோல்ட் கண்டன்சரைப் போட்டேன். ஐந்து மாதத்தில் அதன் தலை உப்பிவிட்டது. இப்போது இருப்பது 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட். 50 மில்லிஆம்பியர் எடுக்கும்போது அதில் ரிப்பிள் கால் வோல்ட்டுக்கும் குறைவு.

7812க்கு எதிராக எப்போதும் நிறுத்தப்படுவது, இரண்டு ரெசிஸ்டரால் வெளியீட்டை நாமே வைத்துக்கொள்ளும் எல்எம்317, எல்எம்337 ரெகுலேட்டர் ஜோடி. ஏட்டளவில் அது மேலானது. அட்ஜஸ்ட் காலுக்கு 10 மைக்ரோஃபாரட் கொடுத்தால் ரிப்பிளை 80 டெசிபல் வரை அடக்கும். 7812ஐ அதைவிடக் குறைவாக, 60 டெசிபல் என்றே வைத்துக்கொள்வோம். கால் வோல்ட் ரிப்பிள் ஆயிரத்தில் ஒரு பங்காகி கால் மில்லிவோல்ட் ஆகிறது. அதற்குப் பிறகு கிராஸ்ஓவரில் ஒலியைக் கையாளும் என்இ5532 ஐசி தன் சப்ளைக் காலில் வரும் குறையை மேலும் ஒரு லட்சத்தில் ஒரு பங்காக்குகிறது. மிஞ்சுவது இரண்டு மூன்று நானோவோல்ட். அதைக் கேட்கும் காது எவருக்கும் இல்லை. ஆகவே ஒலியை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பொருளற்றது என்பது என் உறுதியான முடிவு.

வேறு வித்தியாசம் ஒன்று உண்டு. அதை முட்டம் செட்டில்தான் கண்டேன். அதில் முதலில் எல்எம்317 வைத்து, வோல்டேஜைத் துல்லியமாக வைக்க ஒரு பிரிசெட் (ஸ்குரூடிரைவரால் திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) கொடுத்திருந்தேன். ஒன்பது மாதம் கழித்து ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறது என்று மைத்துனர் கூப்பிட்டார். மூடியைத் திறந்தபோது பிரிசெட்டின் நடுக்காலில் பச்சைக் களிம்பு. ஸ்குரூடிரைவர் நுனியால் லேசாகத் தொட்டதும் மீட்டரில் 12 வோல்ட் 19க்குத் தாவிவிட்டு மறுபடியும் இறங்கியது. எல்எம்317இல் கீழ் ரெசிஸ்டரின் தொடர்பு விட்டுப்போனால் வெளியீடு உள்ளே வரும் வோல்டேஜை நோக்கி ஏறிவிடும். 5532க்குப் பதிலாகப் பலரும் போடும் டிஎல்072 ஐசியின் தாங்கும் எல்லை பிளஸ் மைனஸ் 18, என்இ5532க்கு 22. அதில் 5532 இருந்ததால் பிழைத்தது. இரண்டு பருவமழையும் பெய்து, ஆண்டு முழுவதும் கடற்காற்றும் வீசும் கரையில், தொடர்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே பெரிய பாதுகாப்பு. மூன்று காலோடு முடிந்துபோகும் 7812 அங்கே நிச்சயமாக மேலானது. எல்எம்317தான் கையில் இருக்கிறது என்றால் பிரிசெட்டை நீக்கிவிட்டு 120 ஓமும் 1 கிலோஓமும் நிலையாகப் பற்ற வையுங்கள், 11.7 வோல்ட் வரும், அது போதும்.

எதை வாங்கினாலும் கால் வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 7812இல் உள்ளே, எர்த், வெளியே என்று வரும் வரிசை 7912இல் எர்த், உள்ளே, வெளியே என்று மாறுகிறது. 7812இன் உலோக முதுகு எர்த். 7912இன் முதுகு மைனஸ் உள்ளீடு. இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) இல்லாமல் முடுக்கினால் மைனஸ் பக்கம் நேராக எர்த்தில் ஷார்ட் ஆகும்.

கனத்த டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக அதிவேக ஸ்விட்சிங்கால் வோல்டேஜைக் குறைக்கும் எஸ்எம்பிஎஸ் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 85 முதல் 264 வோல்ட் வரை தாங்கும் சிறிய மாட்யூல் ஒன்று, மேலே நான் போட்ட கணக்குகள் அனைத்தையும் தேவையற்றதாக்கிவிடும். எடை குறைவு, 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலம் இல்லை. ஆனால் நல்ல எர்த் இல்லாத வீட்டில், அதற்குள் முதல் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் இணைக்கும் கண்டன்சர் வழியாகச் சிறு கசிவு வந்து, பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று தெரியும். அதே கசிவு சிக்னல் ஒயர்களின் எர்த்திலும் ஓடி இரைச்சலாகும். இன்னொன்று ஐப்பசி மாதத்து மாலை இடி. லைனில் ஏறி வரும் சர்ஜை (திடீர் மின்னெழுச்சியை) எஸ்எம்பிஎஸ்ஸின் முன்பக்க டிரான்சிஸ்டர் நேராக வாங்குகிறது. இரும்பும் தாமிரமுமான டிரான்ஸ்பார்மர் அதைவிடப் பொறுமையாகத் தாங்குகிறது. எர்த் உறுதியாக இருக்கும் வீடு, இடி நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கம் ஆகிய இரண்டும் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை நான் மறுக்கமாட்டேன்.

ரெகுலேட்டருக்குப் போதிய வோல்டேஜ் வந்த பிறகும் உறுமினால், அதன் பிறப்பிடம் பெரும்பாலும் ரெகுலேட்டர் அன்று, ஒயரிங். 50 ஹெர்ட்ஸ் உறுமல் தாழ்ந்து, வட்டமாக இருக்கும். அது டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்திலிருந்தோ எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதிலிருந்தோ வருவது. 100 ஹெர்ட்ஸ் உறுமல் வண்டு ரீங்காரம் போல ஓரம் கூர்மையாக இருக்கும். அது பில்டர் கண்டன்சருக்குள் துடிப்புத் துடிப்பாகப் பாயும் கரண்ட், சிக்னலுக்கும் பொதுவான எர்த் ஒயரில் ஓடுவதால் வருவது. டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர் முதலில் இரண்டு பில்டர் கண்டன்சர்களும் சேரும் இடத்துக்கு வர வேண்டும். சிக்னல் எர்த் அந்தச் சந்திப்பிலிருந்து தனி ஒயராகப் புறப்பட வேண்டும். நடுவழியில் எங்கிருந்தும் கிளை எடுக்கக் கூடாது. வடசேரி செட்டில் ஒரே ஒரு ஒயரை மூன்று அங்குலம் இடம் மாற்றியதும் ரீங்காரம் நின்றது. 50 ஹெர்ட்ஸுக்கு மருந்து, டிரான்ஸ்பார்மரை முடுக்கும் முன் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்த்து, உறுமல் குறையும் கோணத்தில் நிறுத்துவது. வளைய வடிவில் சுற்றிய டோரைடல் டிரான்ஸ்பார்மர் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் தகடு அடுக்கிய சாதாரண ஈஐ டிரான்ஸ்பார்மரைத் தனிப் பெட்டியில் அடைத்து ஒன்றரை அடி ஒயரில் தள்ளி வைத்தால் அதே பயன் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

இனி கிராஸ்ஓவரின் பாகங்கள். 1976இல் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து, அவர் பெயராலும் அவருடைய சக பொறியாளர் ரஸ் ரைலி பெயராலும் வழங்கும், ஒலியைப் பிரிக்கும் 24 டெசிபல் பில்டரைத்தான் (அலைவெண் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 24 டெசிபல் குறைப்பது) நான் எடுத்தேன். பிரியும் இடத்தில் இரு பக்கமும் 6 டெசிபல் தாழ்ந்து, இரண்டின் அலைகளும் ஒரே கட்டத்தில் (ஃபேஸ்) சேர்ந்து, மொத்தத்தில் மட்டமாக நிற்கும். கட்டுபவனுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு: 4.7 கிலோஓம், 10 நானோஃபாரட் என்ற ஒரே ஒரு மதிப்பு போதும். லோ பாஸில் (தாழ்ந்த ஒலியை விடும் பகுதி) இருமடங்கு கண்டன்சர் தேவைப்படும் இடத்தில் இரண்டை இணையாகவும், ஹை பாஸில் (உயர்ந்த ஒலியை விடும் பகுதி) இருமடங்கு ரெசிஸ்டர் தேவைப்படும் இடத்தில் இரண்டைத் தொடராகவும் போட்டால் இரு பக்கமும் 2394 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். ஸ்டீரியோவுக்கு 20 ரெசிஸ்டர், 20 கண்டன்சர்.

கண்டன்சரில் போட்டி பாலியெஸ்டருக்கும் பாலிப்ரொப்பிலீனுக்கும்தான். 104 என்று அச்சிட்ட மலிவான செராமிக் வகை சப்ளைக் காலுக்கு மட்டுமே உரியது. சிக்னல் வோல்டேஜுக்கு ஏற்ப அதன் மதிப்பே மாறுவதால் பில்டரில் வைத்தால் ஒலி திரிந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும், வெப்பத்துக்கும் அதிகம் அசையாது. முட்டத்துக்கு அதையே போட்டேன். வடசேரிக்குப் பாலியெஸ்டர் 40 வாங்கி, மீட்டரில் அளந்து, ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போன 20ஐ எடுத்தேன். அளக்கும்போது விரலால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் கைச்சூட்டில் கடைசி இலக்கம் மெதுவாக மேலே ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விலை உயர்ந்த கண்டன்சரைப் பொறுக்காமல் போடுவதைவிட, சாதாரணக் கண்டன்சரைப் பொறுக்கிப் போடுவது நல்லது. ரெசிஸ்டரில் யோசிக்க ஒன்றும் இல்லை: ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம்.

ஐசியில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டரே முடிவைச் சொல்லிவிடுகிறது. அதன் சொந்த வெப்ப இரைச்சல், ஐசிக்கு வழக்கமாகச் சொல்லும் அதே நானோவோல்ட் அளவில், ஏறத்தாழ 9. டிஎல்072இன் இரைச்சல் 18, என்இ5532இன் இரைச்சல் 5. முதலாவது ரெசிஸ்டரைவிடச் சத்தம் போடுகிறது. இரண்டாவது அதற்குள் அடங்கிவிடுகிறது. டோம் டுவீட்டரில் இந்த வித்தியாசம் காதை அருகில் வைத்தால்தான் தெரியும். கோவில் திருவிழா மைக் செட்டில் இருப்பதுபோன்ற ஹார்ன் டிரைவரில் அறை முழுவதும் தெரியும். டிஎல்072 எடுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்குதான் என்பது அதன் நல்ல பக்கம்.

5532 வாங்கும்போது ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். உண்மையான ஐசி ஒன்று ஏறத்தாழ 8 மில்லிஆம்பியர் எடுக்கும். ஒரு கடையில் நான் வாங்கிய பத்தில் பத்துமே 3 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல்தான் எடுத்தன. உள்ளே இருந்தது வேறு ஏதோ மலிவான ஐசி. முட்டத்தில் ஐசி பேஸையும் (ஐசியைச் செருகும் சாக்கெட்) நீக்கி நேராகப் பற்ற வைத்து, பலகையின் அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் பூசினேன். டுவீட்டர் அளவை ஒருமுறை காதால் சரிசெய்த பிறகு வால்யூம் கன்ட்ரோலையும் எடுத்துவிட்டு அதே மதிப்பில் இரண்டு ரெசிஸ்டர்களை வைத்தேன்.

மின்வெட்டு வரும் கணத்தில் பிளஸ், மைனஸ் இரண்டும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. அந்தக் கணம் ஒரு தட்டுச் சத்தம் ஆம்பிளிஃபயர் வழியாக நேராக டுவீட்டருக்குப் போகிறது. பாசிவ் முறையில் குறுக்கே நிற்கும் கண்டன்சர் இங்கே இல்லை. அதனால் இரண்டு வீட்டிலும் டுவீட்டருக்குத் தொடராக 47 மைக்ரோஃபாரட் பைபோலார் கண்டன்சர் ஒன்றைப் போட்டிருக்கிறேன். 8 ஓமில் அது 420 ஹெர்ட்ஸ் அருகில்தான் வெட்டும், பிரிப்பை அதிகம் தொடாது.