மரினா அணைக்கட்டு: ஒரு குழாய்க்காரனின் மதிப்பீடு

சிங்கப்பூரில் கடலை ஒரு பக்கம் நிறுத்தி, மழைநீரை மறுபக்கம் ஏரியாகத் தேக்கிவைக்கும் மரினா அணைக்கட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டம் விடத்தான் வருகிறார்கள். அதில் தப்பில்லை. கூரைமேல் புல்வெளி, கடற்காற்று, எதிரே நகர மையத்தின் உயரக் கட்டடங்கள், போதாததற்கு நுழைவு இலவசம். ஆனால் குழாய் வேலை பார்த்தே தலை நரைத்துப்போன என்னைக் கேட்டால், அங்கே பார்க்கவேண்டியது கூரை இல்லை, கீழே இருக்கும் கதவுகள்தான். சிங்கப்பூரில் இதைவிடப் பெரிய குழாய் வேலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேறெங்கும் இல்லை என்பேன்.

இந்தத் தடவை அக்கா மகனையும் கூட்டிப்போனேன். தெங்கா புது நகரில் அவனுக்குப் புது வீடு கிடைத்திருக்கிறது. அங்கே மொத்தம் 42,000 வீடுகள் வரப்போகின்றன. பயலுக்கு அறைகலன், வண்ணப்பூச்சு, விளக்கு பற்றியெல்லாம் ஆயிரம் யோசனை. "அத்தனை வீட்டுக்கும் தண்ணி எங்கிருந்துடா வரும்?" என்று கேட்டேன். "குழாயைத் திறந்தா வருது மாமா" என்றான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இவனை இங்கே கொண்டுவந்து நிறுத்துவதென்று.

அணைக்கட்டு 350 மீட்டர் நீளம். 2008-ல் திறந்தார்கள். மேலே பாலத்தில் நடந்து போகலாம், ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். நடுவில் ஒன்பது இரும்புக் கதவுகள். ஒவ்வொன்றும் அடியில் கீல் வைத்தது. நம் வீட்டுக் கதவு பக்கவாட்டில் திறக்கும், இது படுத்துக்கொள்ளும். கனமழை கொட்டி, கடலில் நீர்மட்டம் தாழ்ந்திருந்தால் கதவைச் சாய்த்துவிடுகிறார்கள், மிகுதி நீர் தானாகவே கடலுக்குப் போய்விடும். மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் கதவைத் திறக்க முடியாது, கடல் உள்ளே புகுந்துவிடும். அப்போது ஏழு பம்புகள் ஓடும். ஒரு பம்பு நொடிக்கு 40 கன மீட்டர் தள்ளும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்க நாங்கள் மாட்டுகிற நான்-ரிட்டர்ன் வால்வின் புத்திதான் இது, அளவுதான் ராட்சச அளவு. சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ள அபாயம் குறைந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

அவன் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். "இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் நல்ல தண்ணியா?" ஆமாம். கடலை அணைகட்டி அடைத்ததும் மழைநீர் வரவர உப்பு கழுவிப்போய், படிப்படியாக நன்னீர் ஆனது. இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டர், நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. பீஷானிலும் தோ பாயோவிலும் வடிகாலில் விழும் மழை காலாங் ஆறு வழியாக இங்கே வருகிறது. ஆர்ச்சர்ட் ரோட்டு மழையும் இங்கேதான். நகரத்தின் நடுமுதுகில் விழுகிற மழையைக் குடிநீராக்குவது எல்லா ஊரிலும் நடக்காது. இங்கே நடப்பதற்குக் காரணம் யாருமே பேசாத ஒரு விஷயம்: மழைநீர் வடிகால் தனி, கழிவுநீர்க் குழாய் தனி. ஒன்றாக விட்டிருந்தால் இந்த ஏரி ஏரியாக இருந்திருக்காது, நாற்றமடிக்கும் குட்டைதான். அந்தக் கழிவுநீரும் வீணாவதில்லை. நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் (உப்பையும் அழுக்கையும் விடாத மெல்லிய சவ்வு வழியே நீரை அழுத்தித் தள்ளுவது), புற ஊதா ஒளி என்று மூன்று கட்டம் தாண்டி, 2003 முதல் 'புதுநீர்' என்ற பெயரில் சுத்திகரித்த நீராகத் திரும்பி வருகிறது. பெரும்பகுதி கணினிச் சில்லு ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகிறது, வறட்சியில் நீர்த்தேக்கங்களில் கலக்கிறார்கள்.

உள்ளே நிலைத்தன்மைக் காட்சிக்கூடம் இருக்கிறது. குழந்தைகளுக்கு நல்ல இடம். எனக்குத் திரைகளைவிடக் குழாயின் குறுக்குவெட்டும் பழைய சவ்வு உருளையும் கையில் கிடைத்தால் போதும். பிடோக்கில் இருந்த புதுநீர் வருகையாளர் மையத்தை 2024-ல் மூடிவிட்டார்களே, அதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அந்தத் தண்ணீரின் ருசி? சப்பென்று இருக்கும். உப்புகளை எடுத்துவிட்டால் வேறெப்படி இருக்கும்.

சரி, விலை விஷயம். மாமாவுக்குச் சொற்பொழிவு வந்துவிட்டது என்று பயல் முணுமுணுத்தாலும் சொல்லவேண்டியதைச் சொன்னேன். பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூருடன் 1962-ல் போட்ட ஒப்பந்தப்படி அங்கிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை தண்ணீர் எடுக்கலாம். அது 2061-ல் முடிகிறது. நாட்டின் மொத்தத் தேவையோ 2065-க்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம் என்கிறது நாட்டின் தண்ணீர் அமைப்பான பியுபி. இவன் வீட்டுக் கடனைக் கட்டி முடித்து ஓய்வுபெறும் வயதில்தான் அந்தக் கணக்கு வரும். அப்போது பேசுவதா, இப்போதே குழாய் போடுவதா? போடுகிறார்கள். அணைக்கட்டுக்கு அருகில் மரினா ஈஸ்ட் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரிநீரையும், மற்ற நாட்களில் கடல்நீரையும் சுத்திகரிக்கும். அதன் கூரையும் புல்தான். சிக்கல் என்னவென்றால், ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்கச் சுமார் 3.5 கிலோவாட் மணி மின்சாரம் ஆகும். மழைக்குக் கரண்ட் பில் கிடையாது. கடலை நம்பினால் ஒவ்வொரு சொட்டுக்கும் மின்கட்டணம் கட்டவேண்டும். 2025 ஏப்ரல் முதல் வீட்டுத் தண்ணீர் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. கணக்கு எங்கே ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள இந்தப் பாலத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

"அப்ப என் வீட்டுக்கு இந்த ஏரித் தண்ணிதான் வருமா மாமா?" என்றான் கடைசியில். இந்த ஏரி, அந்த ஏரி என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டு வாசல் வருவதற்குள் மூலங்கள் கலந்துவிடும். அது அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், படம் எடுத்து அனுப்ப ஒரு பதில் எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை நட்சத்திரம் வெயிலுக்குப் போனது: கூரையில் ஒதுங்க நிழல் கிடையாது, மாலை ஐந்துக்குமேல் போவது நல்லது. கரையோரப் பூந்தோட்டங்கள் எம்ஆர்டியில் இறங்கி நடந்தே வரலாம். பட்டம் விடுகிறவர்கள் வெயில் நாளைத் தேர்ந்தெடுக்கட்டும். கதவுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெருமழை விட்ட கையோடு குடையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.