ஒரே பிளேலிஸ்ட்டை வருடக்கணக்கில் ஓட்டினால்

பிளேலிஸ்ட் போடும்போது பாட்டை மட்டும்தான் பார்ப்போம். அதையே வருடக்கணக்கில் ஓடவிட்டால்தான் மற்ற சங்கதிகள் தெரியவரும். பிடித்த பாட்டையே விரல் ஸ்கிப் செய்கிறதென்றால் ரசனை மாறிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல சமயம் சத்தமோ, அந்தப் பாட்டு வரும் இடமோதான் காரணம்.

முதலில் சத்தம். 1980களின் சிடிக்களில் ஒலி அளவு பொதுவாகக் குறைவு. 1990களின் பிற்பாதியிலிருந்து வந்தவற்றில் பல, மாஸ்டரிங் எனும் இறுதி ஒலிச் சீரமைப்பில் இறுக்கி உரக்கச் செய்யப்பட்டவை. உரத்த பாட்டுக்கு அடுத்து பழையது வந்தால் உயிரே இல்லாததுபோல் கேட்கும். ஸ்ட்ரீமிங் ஆப்களில் இதற்கு நார்மலைசேஷன் உண்டு, எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும். ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கு மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு). சொந்த ஃபைல்களென்றால், பாட்டின் சத்தத்தை அளக்கும் ரீப்ளேகெயின் ஸ்கேன் ஓட்டிவிடலாம். எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்ற எண்ணை ஃபைலின் டேகில் (பெயர், ஆல்பம் போன்ற விவரங்கள் இருக்கும் பகுதி) எழுதும், அவ்வளவுதான், ஒலியைத் தொடாது. கலவையான பிளேலிஸ்ட்டுக்கு டிராக் கெயின் (பாட்டுக்குப் பாட்டு சமன்), முழு ஆல்பம் கேட்க ஆல்பம் கெயின் (ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவு). இதை மாற்றி வைத்தால், ஆல்பத்தில் வேண்டுமென்றே அடக்கி வைத்த பாட்டும் மற்றவற்றின் உயரத்துக்கு எகிறிவிடும். கிளிப்பிங் (எல்லை மீறிய ஒலி வெட்டுப்படுவது) தடுப்பு என்ற தேர்வு இருந்தால் அதையும் ஆன் செய்துவிடுங்கள். சத்தம் குறைந்த பாட்டைத் தூக்கும்போது உச்ச ஒலிகள் பிசிறடிக்காது.

ஷஃபிள் மீது பலருக்கும் கோபம். ஒரே குரல் திரும்பத் திரும்ப வருகிறதே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 பேர், ஆளுக்கு 10 பாட்டு, மொத்தம் 100. முழுக்கத் தற்செயலாகக் கலைத்தால் சராசரியாக 9 இடங்களில் ஒரே ஆளின் பாட்டுகள் அடுத்தடுத்து விழும். ஆகவே ஒரே ஆளின் பாட்டுகளை நான்கைந்தோடு நிறுத்துவது நல்லது. கையால் வரிசைப்படுத்துவது அதைவிட நல்லது. அடுத்தடுத்த பாட்டுகளின் வேகம் 20 பிபிஎம்முக்கு (நிமிடத்துக்கு எத்தனை தாளத் துடிப்பு என்ற கணக்கு) மேல் தாவினால் காது தடுக்குகிறது. ஆனால் 70க்குப் பின் 140 இடறாது, தாளம் சரியாக இரட்டிக்கிறது.

எத்தனை பாட்டு? இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பாட்டுக்கு 4 நிமிடம், தினம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 45 பாட்டென்றால் மூன்று நாளுக்கொரு முறை அதே பாட்டு, சீக்கிரம் சலிக்கும். 300 என்றால் 20 நாளுக்கொரு முறை. எதுவும் மனதில் ஒட்டாது. 100 முதல் 120 வரை வைத்தால் வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பு, அது பதமான அளவு. புதுப்பாட்டைத் தனியாக ஒரு பட்டியலில் ஒரு மாதம் ஊறப்போட்டு, பிறகே சேருங்கள். ஒன்று சேர்ந்தால் ஒன்று வெளியே. மூன்று முறை ஸ்கிப் ஆன பாட்டை இடம் மாற்றிப் பாருங்கள். அங்கும் தள்ளினால்தான் நீக்குங்கள்.

ஒரு வருடம் தாண்டியும் தங்கிய பாட்டுகளின் வேகம், முதன்மைக் கருவி, குரலின் உயரம் மூன்றையும் குறித்துவைத்தால் ரசனை பளிச்சென்று தெரியும். இசை வகைப் பெயர்கள் அதில் பாதியைக்கூடச் சொல்லாது. "எனக்கு ராக் பிடிக்கும்" என்பவரின் பட்டியலில் தங்கியவையெல்லாம் தாழ்ந்த குரலும் நிதான வேகமுமாக இருக்கலாம்.

கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்தது எழுவது) 3 வினாடிக்கு மேல் வேண்டாம். மெல்ல அடங்கும் முடிவுகளை விழுங்கிவிடும். லைவ் ஆல்பத்துக்கு அதை அணைத்துவிட்டு கேப்லெஸ் (இடைவெளியே இல்லாமல் ஓட்டுவது) போடுங்கள். எம்பி3யாக மாற்றும் என்கோடர் மென்பொருள் பாட்டின் முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்க்கும், அதைக் கத்தரிக்கத் தெரியாத பிளேயரில் கைதட்டலின் நடுவே இடைவெளி விழும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்ட்ரீமிங்கில் உரிமம் முடிந்தால் பாட்டு சாம்பல் நிறமாகி ஓடாமல் நின்றுவிடும், சில நேரம் வேறு பதிப்பு வந்து உட்கார்ந்திருக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை பெயர், பாடியவர், ஆல்பம், ஆண்டு, நீளம் ஐந்தையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவையுங்கள். நீளத்தை விடவே கூடாது: 4:12 இருந்த இடத்தில் 4:31 தெரிந்தால் பதிப்பு மாறியாயிற்று. சொந்த ஃபைல்களுக்கு, தமிழ் எழுத்தையும் ஏற்கும் பிளேலிஸ்ட் ஃபைலான எம்3யூ8 வடிவில், ஃபோல்டருக்கு உள்ளடங்கிய ரிலேட்டிவ் பாதையோடு சேமியுங்கள். முழுப் பாதை இருந்தால் ஃபோல்டரை நகர்த்திய அன்றே பட்டியல் செத்துவிடும். பழைய எம்3யூ என்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும் அபாயமும் உண்டு.